தட்டினது வந்துச்சா?

எங்கள் தொழிலில் மெஷின் கெட்டால் மெஷினைத் திட்டுவார்கள், அளவெடுக்கிற பெட்டி கெட்டாலும் மெஷினைத்தான் திட்டுவார்கள், ரெண்டும் நன்றாக இருந்தால் எங்களைத் திட்டுவார்கள். ஆலைத் தூசுக்கு நடுவே மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் ஒருத்தர் "ஆச்சா? ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே நிற்க வேலை பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், வாங்க, பக்கத்தில் உட்காருங்க. உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் தேன்மொழி. ஊர் செந்துறை. ப்ளஸ் டூவோடு நின்றுவிட்டேன். குடும்பக் கஷ்டம், அது இது என்று கதை விட மாட்டேன். கெமிஸ்ட்ரிக்கு என்னைப் பிடிக்கவில்லை, எனக்கும் அதைப் பிடிக்கவில்லை, பிரிந்துவிட்டோம். பதினெட்டு முடிந்ததும் அரியலூரில் ஒரு சர்வீஸ் கடையில் சேர்ந்தேன். சுற்றியிருக்கிற சிமெண்ட் ஆலை, கல் கிரஷர், தீவன மில், முந்திரிக் கம்பெனி எல்லாவற்றிலும் மெஷின் எப்படி ஓடுகிறது என்று அளந்து சொல்வது வேலை.

சென்சாரை மெஷினில் ஒட்டுவோம். அதிலிருந்து துடிப்பு துடிப்பாகக் கிளம்பும்; அதைத்தான் பல்ஸ் என்போம். அது ஒயர் வழியாக டிஜிடைசர் என்கிற பெட்டிக்கு வரும். அந்தப் பெட்டி நொடிக்கு இத்தனை தடவை என்று அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, எண்ணாக மாற்றி லேப்டாப்புக்கு அனுப்பும். ஒரு தொடலுக்கும் அடுத்த தொடலுக்கும் நடுவில் என்ன நடந்தாலும் அதற்குத் தெரியாது. இந்த ஒரு வரியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வைத்துக்கொள்ள வேண்டிய நாளில் நான் வைத்துக்கொள்ளவில்லை.

ஏற்கனவே ரெண்டு அண்ணன்

கடையில் எனக்கு முன்பே இருந்தவன் சரவணன். உடையார்பாளையத்துக்காரன். டிப்ளமா முடித்தவன், என்னைவிட ரெண்டு மூன்று வயசு கூட இருக்கும். முதல் நாள் எங்கள் முதலாளி, நாங்கள் சார் என்று கூப்பிடுகிறவர், எங்கள் ரெண்டு பேரையும் எதிரெதிரே நிற்கவைத்தார். "இனிமே சேந்துதான் சைட்டுக்குப் போவணும். அவன அண்ணான்னு கூப்பிடு" என்றார். எங்கள் பக்கம் ஒரு பெண்ணும் பையனும் ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போக இந்த ஒரு வார்த்தைதான் லைசென்ஸ். எனக்கு வீட்டில் ரெண்டு அண்ணன்கள். ஒருத்தன் என் சார்ஜரைத் திருடுவான். இன்னொருத்தன் நான் செருப்பு மாட்டுவதற்கு முன்பே எங்கே போகிறாய் என்று கேட்பான். "எனக்கு ஏற்கனவே ரெண்டு அண்ணன் இருக்காங்க சார், அதுவே ஜாஸ்தி" என்றேன்.

சார் முகம் போன போக்கைப் பார்த்து சரவணன் ஸ்பேனரைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது. அப்புறம் ரொம்ப நல்ல பிள்ளையாக முகத்தை வைத்துக்கொண்டு சொன்னான்: "எனக்கும் வூட்டுல தங்கச்சி இருக்கு சார், அந்த எடம் காலி இல்ல."

ஸ்பேனர் பேச்சு

அண்ணா என்று கூப்பிடவில்லை, பேர் சொல்லிக் கூப்பிடவும் வாய் வரவில்லை. "இந்தா", "இங்க பாரு" என்றே ஓட்டிக்கொண்டிருந்தேன். பெரம்பலூர் பக்கம் ஒரு கிரஷரில் அதுவும் முடியாமல் போனது. சென்சார் மெஷின் உச்சியில், லேப்டாப் கீழே கொட்டகையில். எங்கள் மெஷினை நிறுத்திவைத்திருந்தாலும் பக்கத்து மெஷின்கள் அரைத்துக்கொண்டே இருந்தன. போனில் "ஆங்? ஆங்?" என்பதைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அப்போதுதான் அவன் ஸ்பேனரை எடுத்து, சென்சாருக்குப் பக்கத்தில் இரும்பில் தட்டினான். தட்டினால் திரையில் ஊசி மாதிரி ஒரு பல்ஸ் எழும். ஒயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எல்லாரும் செய்வதுதான். அவன் அதையே பேச்சாக்கிவிட்டான்.

ஒரு தட்டு என்றால் "இரு". ரெண்டு தட்டு என்றால் "மாட்டியாச்சு, முடிஞ்சுது". விடாமல் தட்டினால் "நீ மேல வா". நான் கீழேயிருந்து ஒரு மிஸ்டு கால் கொடுப்பேன். ரிங் கேட்காவிட்டாலும் சட்டைப் பையில் அதிர்வது தெரியும். அதற்கு அர்த்தம் "பாத்துட்டேன்". மேலே வருவதாக இருந்தால் மிஸ்டு கால் எல்லாம் கிடையாது, நேராக ஏணியைப் பிடிக்க வேண்டியதுதான்.

முதல் தடவை அவன் விடாமல் தட்டியபோது, கை கிய் மாட்டிக்கொண்டதோ என்று பதறிப்போய் ஏறினேன். அவன் உச்சியில் சாவகாசமாக உட்கார்ந்து கையை நீட்டினான். அந்தப் பக்கம் கல் தோண்டிய பெரிய பள்ளம். அதில் மழைத்தண்ணீர் பச்சைப் பசேலென்று நின்றது. நடுவில் மிஞ்சிநின்ற ஒரு பாறையின் மேல் ஒற்றை வெள்ளாடு, அங்கே எப்படிப் போனது என்று அதற்கே தெரியாத மாதிரி நின்றுகொண்டிருந்தது. இதைப் பார்க்கவா இத்தனை படி ஏற வைத்தாய் என்று கண்டபடி திட்டினேன். அவன் ஆட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "கீழயே ஒக்காந்திருந்தா ஒனக்கு எப்படித் தெரியும், அதான் கூப்புட்டேன்."

தலை போன பல்ஸ்

அதே கிரஷரில் பல்ஸ் எல்லாம் மேலே வெட்டின மாதிரி வந்தது. கூராக இருக்க வேண்டியது மொட்டை மாடி மாதிரி தட்டையாக நின்றது. கிரஷர்காரர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, பேரிங் போச்சு, ஷாஃப்ட் தேய்ஞ்சுபோச்சு என்று அவராகவே முடிவு கட்டி, திருச்சிக்குப் போன் போட்டு ஷாஃப்ட்டுக்கு ஆள் தேட ஆரம்பித்துவிட்டார்.

மெஷினுக்கு ஒன்றுமில்லை. எவ்வளவு உயரம் வரை பார்க்கலாம் என்று பெட்டிக்குச் சொல்லிவைக்க வேண்டும். அதற்கு ரேஞ்ச் என்று பெயர். நான் அதைக் குறைத்து வைத்திருந்தேன். அதற்கு மேலே போன தலையெல்லாம் வெட்டுப்பட்டுவிட்டது. கூட்டி வைத்ததும் ஊசி ஊசியாக வந்தது. "தப்பு என்னுதுதாங்க, மெஷின் நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அவர் போனை வைத்தார். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "எங்க தம்பி கல்யாண ஆல்பத்துலயும் ஒருத்தன் இப்படித்தாம்மா எல்லாரு தலையையும் வெட்டி வச்சிருந்தான், அவனும் ஒங்க கடைதானா?"

வால்

ஒரு சிமெண்ட் ஆலையில் சுண்ணாம்புக்கல் போகிற பெல்ட், இருக்கிற வேகத்தைவிட ரெண்டு மடங்கு வேகமாகப் போவதாகக் கணக்கு காட்டியது. பெல்ட் என்னவோ மாட்டு வண்டி மாதிரி ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. திரையைப் பார்த்தால் ஒவ்வொரு பல்ஸுக்கும் பின்னால் ஒரு வால். குட்டிக் குட்டியாக நடுங்கி, அப்புறம்தான் அடங்கியது. எண்ணுகிற மெஷின் வாலையும் தலை என்று எண்ணிவிட்டது.

ஒயர் ரொம்ப நீளம். பல்ஸ் அந்தக் கடைசிக்குப் போய்ச் சேரும்போது, அதை வாங்கி அடக்கிக்கொள்ள அங்கே ஏற்ற ரெசிஸ்டர் இருக்க வேண்டும். இல்லையென்றால் மோதித் திரும்பி வரும், மறுபடியும் போகும், மறுபடியும் வரும். சரவணன் ஒரு சின்ன ரெசிஸ்டரை அந்தக் கடைசியில் மாட்டினான். நெல்மணி அளவுதான் இருக்கும். வால் காணாமல் போய்விட்டது. கண்ட்ரோல் ரூமில் ரிட்டயர் ஆகப்போகிற ஒரு ஆபரேட்டர், டீ டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். எனக்கு அப்போது அவர் சொன்னது பெரிதாகப் படவில்லை. இப்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் அதுதான் முதலில் ஞாபகம் வருகிறது. "அந்தப் பக்கம் வாங்கிக்கிறதுக்கு ஒரு ஆளு இருந்தா, அது ஏன் தம்பி திரும்பி வரப்போவுது?"

புல் முளைத்த திரை

பெரம்பலூரில் ஒரு பஞ்சு மில்லில் திரை முழுக்கப் புல் முளைத்த மாதிரி இருந்தது. பல்ஸ் எது, புல் எது என்று தெரியவில்லை. சென்சாரை மாற்றினோம், ஒயரை மாற்றினோம், ஒருத்தரை ஒருத்தர் குற்றம் சொன்னோம். எனக்குப் பொறுமை என்பது பிறந்ததிலிருந்தே கொஞ்சம் கம்மி. "நான் வூட்டுக்குப் போறேன்" என்று லேப்டாப் சார்ஜரை வெடுக்கென்று பிடுங்கினேன். திரை துடைத்துவிட்டது மாதிரி ஆகிவிட்டது. சார்ஜரிலிருந்து வந்த இரைச்சல்தான் புல்லாக முளைத்திருக்கிறது. மில்காரர் பிளக்கையும் பார்த்தார், எங்களையும் பார்த்தார். "இத புடுங்குறதுக்குத்தான் அரியலூர்லேர்ந்து ரெண்டு பேரு ஜோடி போட்டுக்கிட்டு வந்தீங்களா?"

முந்திரி

உடையார்பாளையம் பக்கம் ஒரு முந்திரிக் கம்பெனி. வறுக்கிற டிரம்மின் மோட்டாரை அளக்கப் போனோம். பல்ஸ் எல்லாம் ஊஞ்சலில் உட்கார்ந்த மாதிரி மேலே போய்க் கீழே வந்துகொண்டிருந்தது. ஒயரின் மேலுறையை மெஷின் பக்கமும் எர்த் பண்ணியிருந்தார்கள், பெட்டிப் பக்கமும் எர்த் பண்ணியிருந்தார்கள். ரெண்டு முனையும் பிடிவாதமாகத் தரையைப் பிடித்துக்கொண்டிருந்தால் நடுவில் கரண்ட் சுற்ற ஆரம்பித்துவிடும். ஒரு பக்கம் விட்டால் போதும். சரவணன் மெஷின் பக்கத்தை விட்டான். ஊஞ்சல் நின்றது.

அது அவன் ஊர் என்பதால் பருப்பு பிரிக்கிற அக்காமார் எல்லாருக்கும் அவனைத் தெரியும். நான் பதிவு ஓடி முடிகிற வரைக்கும் திரையைவிட்டு எழுந்திருக்க முடியாது. அவன் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, வறுத்த பருப்பில் தோல் உரித்து உரித்து என் லேப்டாப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். நானும் திரையைப் பார்த்தபடியே எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தேன். தலையில் துண்டு கட்டிய ஒரு அக்கா என்னிடம் வந்து, "ஒங்க வூட்டுக்காரரா?" என்றார். "இல்லக்கா." "அண்ணன் மொறையா?" "அதுவும் இல்லக்கா." அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பருப்பு பிரிக்கிற மேஜையைச் சுற்றி இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்: "அதுவும் இல்ல, இதுவும் இல்லன்னா, அந்தத் தம்பி எதுக்குடி ஒனக்கு மட்டும் பருப்ப உரிச்சு உரிச்சு வெக்கிது?"

ரெண்டு ஊசி

அப்புறம் கொஞ்ச நாளில், ஆலத்தியூர் தாண்டி பஸ் போய்க்கொண்டிருந்தபோது, "ஓசூர்ல வேல கெடச்சிருக்கு" என்றான். "எப்ப போற?" என்றேன். "அடுத்த வாரம்." "நல்லது" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஒருத்தன் நல்ல வேலைக்குப் போகும்போது நான் என்ன, பஸ்ஸுக்கு முன்னால் படுக்கவா முடியும்? ஆனால் அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

கடைசி நாள் ஒரு சிமெண்ட் ஆலை வேலை. காலையில் சூளைப் பக்கம் பேரிங் எவ்வளவு சூடாகிறது என்று பதிவு செய்தோம். சூடு மெதுவாகத்தான் ஏறும். நொடிக்கு ஒரு தொடல் வைத்தாலே போதும். மத்தியானம் அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் பெல்ட்டின் கீழே உட்கார்ந்தேன். சரவணன் உச்சிக்கு ஏறி அதிர்வு சென்சாரை ஒட்டப் போனான். ஒட்டிவைத்தால் போதும், பதிவை மறுநாள் சார் வந்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. ரொம்ப நேரம் திரையில் ஒன்றும் வரவில்லை. அப்புறம் ஒரு ஊசி வந்தது, உயரமாக. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு ஊசி, குட்டையாக. ரெண்டு தட்டு. மாட்டியாச்சு, முடிஞ்சுது. கடைசி நாள்கூட இவ்வளவுதானா என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. மிஸ்டு கால் கொடுத்தேன்.

அவன் உடனே இறங்கி வரவில்லை. வந்தபோது முகமெல்லாம் சிமெண்ட் தூசு; கண்ணைச் சுற்றி மட்டும் ஈரமாகத் துடைத்திருந்தான். தூசு விழுந்திருக்கும் என்று நினைத்தேன். "பாத்தியா?" என்றான். "பாத்தேன், அதான் மிஸ்டு கால் குடுத்தேனே" என்றேன். ஒயரைச் சுருட்டினேன். அவன் ஸ்பேனரைப் பையில் போட்டான், எடுத்தான், மறுபடியும் போட்டான். கேட் வரைக்கும் நடந்தோம். பஸ் வந்ததும் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்துக் கேட்டான்: "அவ்ளோதானா?"

புது ஆள்

அவனுக்குப் பதிலாக விக்னேஷ் வந்தான். பெரம்பலூர்ப் பையன். சேர்ந்த அன்றைக்கே, யாரும் சொல்லாமலே, என்னை "அக்கா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். என்னைவிட ஒரு வயசு பெரியவன் என்பதை அவனிடம் சொல்லவில்லை. நல்ல பையன், வேலையில் சுத்தம். அதுதான் பிரச்சினை.

சரவணன் ஸ்பேனரைத் தளர்வாகப் பிடிப்பான். தட்டினால் அது ஒரு தடவை துள்ளும். அதனால் திரையில் அவன் ஊசிக்குப் பின்னால் எப்போதும் இன்னொரு குட்டி ஊசி ஒட்டிக்கொண்டிருக்கும். சார் பார்த்தால் "தட்டத் தெரியுதா பாரு இவனுக்கு" என்பார். அந்தக் குட்டி ஊசியைப் பார்த்தாலே மேலே இருப்பது அவன்தான் என்று எனக்குத் தெரிந்துவிடும். விக்னேஷ் சின்னச் சுத்தியலால் கணக்காகத் தட்டுவான். ஊசி கண்ணாடி மாதிரி வரும், பின்னால் ஒன்றும் இருக்காது. "இப்படி இல்ல, கொஞ்சம் தளத்திப் புடிச்சுத் தட்டு" என்று போனில் கத்துவேன். தட்டுவான். "இப்படியும் இல்ல" என்பேன். ஒருநாள் அவனே கீழே இறங்கி வந்து, திரையைப் பார்த்துவிட்டு, என் முகத்தையும் பார்த்தான். "நல்லாத்தானக்கா வருது, நீங்க வேற எதையோ தேடுறீங்க."

கை வலித்தவன்

மழைக்கு முன்னால் பெரம்பலூரில் ஒரு தீவன மில்லுக்குப் போனோம். மக்காச்சோளம் காயவைக்கிற டிரையரில் காலையில் சூடு பதிவு. முடித்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அரைக்கிற மெஷினுக்குப் போனோம். விக்னேஷுக்கு என் ஸ்பேனர் பேச்சைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அது கடைச் சொத்து இல்லை. "சும்மா தட்டிக்கிட்டே இரு, ஒயரப் பாக்குறேன்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

திரை காலியாகக் கிடந்தது. அப்புறம் ஒரு உயரமான ஊசி. ரொம்ப நேரம் கழித்து ஒரு குட்டை ஊசி. மறுபடியும் காலி. "தூங்குறியா மேல? ஒழுங்கா தட்டு" என்று கத்தினேன். அவன் பாதி ஏணியில் இறங்கி நின்று, சுத்தியல் பிடித்த கையை உதறிக்கொண்டே பதிலுக்குக் கத்தினான். மெஷின் சத்தத்திலும் அது எனக்கு ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டது: "நான் நிறுத்தாமத்தான்க்கா தட்டுறேன், கையே வலிக்குது, ஒங்க பெட்டிதான் ரெண்ட மட்டும் காட்டுது!"

ஓசூர் கஸ்டமர்

பெட்டியைப் பார்த்தேன். காலையில் சூட்டுக்கு வைத்த வேகத்திலேயே கிடந்தது. நொடிக்கு ஒரே ஒரு தொடல். தட்டு என்பது கண்ணிமைக்கிறதுக்குள் எழுந்து அடங்கிவிடும். தொடுகிற நேரத்தில் தற்செயலாக நடந்த தட்டு மட்டும்தான் திரையில் விழும். உச்சியில் தொட்டால் உயரமாக, அடங்கும்போது தொட்டால் குட்டையாக. மற்றதெல்லாம் ரெண்டு தொடலுக்கு நடுவில் விழுந்து போய்விடும். ஒரு உயரம், ஒரு குட்டை. சிமெண்ட் ஆலையிலும் அன்றைக்கு இதேதான். காலையில் சூளை, மத்தியானம் பெல்ட். அவன் ரெண்டு தட்டுத் தட்டவில்லை. விடாமல் தட்டியிருக்கிறான். மேல வா என்று தட்டியிருக்கிறான். நான் கீழே சாவகாசமாக உட்கார்ந்து, பாத்துட்டேன் என்று மிஸ்டு கால் கொடுத்திருக்கிறேன்.

அன்றைக்கு மக்காச்சோள மூட்டை மேல் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. அந்த உச்சியிலிருந்து என்ன தெரியும் என்று யோசித்தேன். வெள்ளாடு எதுவும் இருந்திருக்காது. செந்துறைக்குப் போகிற பஸ்ஸில் அவன் நம்பரை எடுத்தேன். அவன் போனதற்குப் பிறகு ஒரு தடவைகூடப் பேசியதில்லை. போனவன் கூப்பிடட்டும் என்று இருந்துவிட்டேன், அவனும் கூப்பிடவில்லை. என்னவென்று ஆரம்பிப்பது? ரிங் போனது. கைப் பழக்கம், முதல் ரிங்கிலேயே கட் பண்ணிவிட்டேன். மிஸ்டு காலாகப் போய்விட்டது. என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

மறுநாள் கடை போன் அடித்தது. சார் எடுத்து, "ஓசூர்லேர்ந்து கஸ்டமரு, பல்ஸ் கோணலா வருதாம், என்னன்னு கேளு" என்று என் பக்கம் நீட்டினார். காதில் வைத்தால் பின்னால் ஏதோ பிரஸ் மெஷின் சத்தம். அப்புறம் அவன் குரல். "ஒண்ணு உசரமா வருது, ஒண்ணு குட்டையா வருது, நடுவுல நெறைய காணாமப் போவுது. என்னவா இருக்கும்?" டிப்ளமா படித்தவன். பெட்டியை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே பாதி அவன்தான். இது அவனுக்குத் தெரியாது என்று சொன்னால் முந்திரிக் கம்பெனி அக்காகூட நம்ப மாட்டார்.

"தொடுற வேகம் கம்மியா இருக்கும், கூட்டி வையி" என்றேன். "பாக்காமயே எப்படி சொல்ற?" என்றான். "எனக்கு ஏற்கனவே அப்படி ஆயிருக்கு." "எப்ப?" சார் எதிரில் உட்கார்ந்து சால்டரிங் பண்ணுகிற மாதிரி பாவனை செய்துகொண்டிருந்தார், சால்டரிங் அயர்ன் பிளக்கே மாட்டவில்லை. "நீ போன அன்னைக்கு" என்றேன். "காலையில சூளைக்கு வச்சத மாத்த மறந்துட்டேன். எனக்கு ரெண்டு தட்டுதான் வந்துச்சு, சரவணா. ரெண்டே ரெண்டு." அவன் பேரைச் சொல்லி நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அந்தப் பக்கம் பிரஸ் மெஷின் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் காதில் வைத்தேன். ரொம்ப மெதுவாகக் கேட்டான்: "அப்ப நீ வரமாட்டேன்னு சொல்லலியா?"

கஸ்டமர் கேள்விக்குப் போனில் பதில் சொல்லக் கூடாது, நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கடை வழக்கம் என்பதால், அரியலூரில் ஏறி, பெரம்பலூரில் மாறி, சேலத்தில் இன்னொரு தடவை மாறினால் ஓசூர் வந்துவிடும் என்று விசாரித்து வைத்திருக்கிறேன், இந்தத் தடவை மிஸ்டு கால் கொடுப்பதாக இல்லை.